வர வேண்டிய பாக்கி

பி.காம். முடித்த கையோடு இரண்டு வருஷம் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடை அண்ணாச்சியிடம் தலையணை சைஸில் ஒரு பேரேடு உண்டு. அதில் 'வர வேண்டிய பாக்கி' என்று ஒரு பகுதி. அந்தப் பகுதியில் ஒரு பெயர், ஒன்பது வருஷமாக ஒரே தொகையுடன் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆள் ஊரைவிட்டே போயாச்சு. எனக்கோ பாடப்புத்தகச் சூடு ஆறாத வயசு. "அண்ணாச்சி, இதை வாராக்கடன்னு எழுதித் தள்ளிரலாமே" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "தள்ளிட்டா அவன் வரமாட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், தம்பி. இருந்துட்டுப் போகட்டும்."

இரண்டு மார்ச் 31-லும் அந்தப் பெயரைப் பழைய பேரேட்டிலிருந்து புதுப் பேரேட்டுக்குச் சுமந்து போனவன் நான்தான். கணக்கியல்படி அது தப்பு. ஆனால், மனுஷன் நம்பிக்கை வைக்கிற விதம் அநேகமாக அதுதான்.

இந்தப் பேரேடு புராணம் இப்போது எதற்கு? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. குறிப்பாக, காயம்பட்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரும் ஓர் ஆட்டக்காரர் மீது அவர்கள் வைக்கும் நம்பிக்கையைப் பற்றி. அவர்களும் ஒரு பேரேடு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெயரைத் தப்பான பக்கத்தில் எழுதிவிட்டார்கள் என்பது என் புகார்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயரில்தான் கால், வேலையெல்லாம் கையில். ஹெல்மெட், தோள்கவசம் சகிதம் பக்கத்துக்கு 11 பேர். முட்டை வடிவப் பந்து. பந்தை எறிபவர் க்வார்ட்டர்பேக். அதைத் துரத்திப் போய்ப் பிடிப்பவர் ரிசீவர். எத்தனை பந்து பிடித்தார், அதில் எத்தனை கெஜம் முன்னேறினார், எத்தனை டச்டவுன் என்பதுதான் ரிசீவரின் கணக்கு. பந்து இன்னும் காற்றில் இருக்கிறது, இவர் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தபடி ஓடுகிறார், பந்து கைக்கு வந்த மறுகணம் எதிரணிக்காரர் முழு வேகத்தில் வந்து இடிக்கலாம். அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. பந்தைப் பிடித்த பிறகு இடிக்க வேண்டும், தலையையும் கழுத்தையும் குறிவைத்து இடிக்கக் கூடாது என்பது கண்டிஷன். கழுத்து என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

தெற்குக் கரோலினா மாநிலத்தில் கிளெம்சன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழகம். அதன் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஊர் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு. மைதானத்துக்குச் செல்லப்பெயர், மரணப் பள்ளத்தாக்கு. சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். பெரிய தொழில்முறை லீக் அணி ஒன்றுகூட அந்த மாநிலத்தில் இல்லாததால், கல்லூரிப் பையன்கள்தான் அங்கே எல்லாமும்.

2018-ல் அந்த அணிக்கு ஒரு முதலாண்டு மாணவர் வந்து சேர்ந்தார். ஜஸ்டின் ராஸ். அலபாமா மாநிலம், ஃபீனிக்ஸ் சிட்டிக்காரர். அலபாமாவில் பிறந்து வளர்ந்த நல்ல ஆட்டக்காரர் அலபாமா பல்கலைக்கழகத்துக்கோ ஆபர்னுக்கோ போவதுதான் ஊர் வழக்கம். இவர் இரண்டையும் விட்டுவிட்டு கிளெம்சனுக்கு வந்தார்.

அந்த சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களைத்தான் ரசிகர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். 2018 டிசம்பர் 29, அரையிறுதி. நோட்டர் டேம் அணிக்கு எதிராக ராஸ் 6 பந்து பிடித்து 148 கெஜம், 2 டச்டவுன். கிளெம்சனுக்கு 30-3 என்று வெற்றி. 2019 ஜனவரி 7, இறுதி ஆட்டம். எதிரே அதே அலபாமா பல்கலைக்கழகம். மறுபடி 6 பந்து, 153 கெஜம், அதில் 74 கெஜ டச்டவுன் ஒன்று. பக்கவாட்டுக் கோட்டோரம், ஒற்றைக் கையால், பசை தடவிய மாதிரி பந்து வந்து ஒட்டிக்கொண்டது. 44-16. கிளெம்சன் சாம்பியன். அந்த வருஷம் ஆடிய 15 ஆட்டத்தில் 15-ம் வெற்றி.

ராஸுக்கு அப்போது வயசு 19. சீசன் கணக்கு: 46 பந்து, சரியாக 1,000 கெஜம், 9 டச்டவுன். அந்த இறுதி ஆட்டத்தின் பதிவை நானே எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. இந்தக் கட்டுரை முழுக்க ரசிகர்களை நான் குறை சொல்லப்போகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு என்பதை இப்போதே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் வம்பு வேண்டாம்.

அடுத்த வருஷம், 2019. ராஸுக்கு 66 பந்து, 865 கெஜம், 8 டச்டவுன். மோசமா? இல்லை. ஆனால் கவனியுங்கள். முதல் வருஷம் ஒரு பந்துக்குச் சராசரி 21.7 கெஜம். இரண்டாம் வருஷம் 13.1. பந்து எறிபவரும் அதே ட்ரெவர் லாரன்ஸ்தான். அதாவது, அந்த '2018 ராஸ்' 2019-லேயே திரும்பி வரவில்லை. எதிரணிகள் உஷாராகிவிட்டன என்பது ஒரு காரணம். எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது என்பது இன்னொரு காரணம். ஆனால், ரசிகர்களின் ஞாபகம் 2019-ஐ ஓரமாக நகர்த்திவிட்டு, 2019 ஜனவரியின் அந்த ஒரே ராத்திரியைப் பத்திரப்படுத்திக்கொண்டது.

2020 தொடக்கத்தில், பயிற்சியின்போது ராஸுக்கு ஓர் அடி பட்டது. படம் எடுத்துப் பார்த்தார்கள். அடியைவிடப் பெரிய சமாசாரம் ஒன்று படத்தில் தெரிந்தது. மனிதக் கழுத்தில் 7 எலும்புகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும்படி அடுக்கியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அதில் இரண்டோ மூன்றோ ஒட்டிக்கொண்டுவிடும். கிளிப்பெல்-ஃபைல் என்று இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் பெயரால் அந்தக் குறைபாட்டை அழைக்கிறார்கள். ஒட்டிய எலும்பு அசையாது. அதனால் பக்கத்து எலும்பும் அதன் நடுவே உள்ள தட்டும் கூடுதல் பாரம் சுமக்கும். ராஸுக்கு அதுதான். போதாக்குறைக்குத் தட்டு ஒன்று பிதுங்கியும் இருந்தது. 2020 ஜூனில் அறுவை சிகிச்சை. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. இனி ஆடவே முடியாமல் போகலாம் என்று பயிற்சியாளர் டாபோ ஸ்வினியே பகிரங்கமாகச் சொல்ல வேண்டிவந்தது.

ஒரு நிமிஷம் இங்கே நிற்போம். இது பிறவிக் குறைபாடு. அப்படியானால் 2019 ஜனவரியில் அலபாமாவுக்கு எதிராக ஒற்றைக் கையால் பிடித்தபோதும் அதே கழுத்துதானே? ஆமாம். அதே கழுத்துதான். யாருக்கும் தெரியாது, அவ்வளவே. ரசிகர்கள் திரும்ப வேண்டும் என்று கேட்ட அந்தப் 'பழைய ராஸ்' யார் தெரியுமா? தன் கழுத்தைப் பற்றித் தெரியாத ராஸ். திறமை திரும்பலாம், வேகம் திரும்பலாம். தெரியாமை எப்படித் திரும்பும்?

சரி, ரசிகர்களுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு கதை இருக்கிறது, அதுவும் அதே ஊரில்.

2015 செப்டம்பர். சீசனின் முதல் ஆட்டம். கிளெம்சனின் இன்னொரு ரிசீவர் மைக் வில்லியம்ஸ் டச்டவுன் பந்தைப் பிடித்த வேகத்தில் கோல் கம்பத்தில் போய் மோதினார். கழுத்தில் எலும்பு முறிவு. அந்த வருஷம் அதோடு முடிந்தது. 2016-ல் திரும்பி வந்தார். எப்படி? 98 பந்து, 1,361 கெஜம், 11 டச்டவுன். 2017 ஜனவரியில் அலபாமாவை 35-31 என்று வீழ்த்தி கிளெம்சன் சாம்பியன். ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் தேர்வில் வில்லியம்ஸ் 7-வது ஆளாக எடுக்கப்பட்டார்.

ஆச்சா? அதே கல்லூரி. அதே ரிசீவர் வேலை. அதே கழுத்து. கழுத்து அடிபட்டவர் திரும்பி வந்தால் கோப்பை என்று ரசிகர்கள் முடிவு கட்டியதில் ஆச்சரியம் என்ன?

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் ஒருவர் மூச்சு விடாமல் ஏதோ படிப்பாரே, கேட்டிருக்கிறீர்களா? கடந்தகால லாபம் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பது அதன் சாரம். யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அந்த வேகம். வில்லியம்ஸுக்கு நடந்தது நல்ல எலும்பில் ஒரு முறிவு. கூடிய பிறகு அது பழைய எலும்பு. ராஸுக்கு இருந்தது கழுத்தின் அமைப்பிலேயே ஒரு குறை. இரண்டையும் 'கழுத்துக் காயம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதியது முதல் கணக்குப் பிழை.

2021 கோடையில், ஆடலாம் என்று ராஸுக்கு டாக்டர்கள் அனுமதி கொடுத்தார்கள். அந்த நாட்களின் ரசிகர் பேச்சையும் பத்திரிகைக் கட்டுரைகளையும் ஒரே வாக்கியமாகச் சுருக்கிவிடலாம்: ராஸ் மட்டும் பழைய ராஸாக வந்துவிட்டால் போதும்.

இந்த வாக்கியத்தில் இரண்டு வார்த்தைகள் எனக்கு உதைக்கின்றன. ஒன்று 'மட்டும்'. இன்னொன்று 'பழைய'. பழையதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். 'மட்டும்' என்ன பாவம் செய்தது என்று பார்ப்போம்.

2021-ல் கிளெம்சனின் நிலவரம் இது. பந்து எறியும் லாரன்ஸ், தொழில்முறைத் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாகப் போய்விட்டார். பந்தோடு ஓடுவதில் மன்னன் ட்ராவிஸ் எட்டியனும் அதே தேர்வில், அதே ஜாக்சன்வில் அணிக்குப் போய்விட்டார். 2020-ல் அதிகப் பந்து பிடித்த அமரி ராஜர்ஸும் போயாச்சு. மூன்று பேர் விட்டுப்போன காலி இடத்தை, ஒன்றரை வருஷம் ஆடாத ஒருவரின் வருகை நிரப்பும் என்று கணக்குப் போட்டார்கள். ரிசீவர் என்பவர் எறிந்த பந்தைத்தான் பிடிக்க முடியும். எறிபவர் தடுமாறினால் உலகின் தலைசிறந்த ரிசீவரும் வெறும் ஓட்டப்பந்தய வீரர்தான். கம்-பேக் என்பது தனிநபர் சாகசம் என்று நமக்குப் பழக்கிவிட்டது சினிமா. இடைவேளையில் அடிபட்ட ஹீரோ கட்டை அவிழ்த்துக்கொண்டு க்ளைமாக்ஸில் வந்து நிற்பார், 40 பேர் பறப்பார்கள். மைதானத்தில் அது நடக்காது. அங்கே ஒருவர் தனியாகத் திரும்பி வரவே முடியாது. அவரோடு அவருடைய அந்த வருஷமே திரும்பி வந்தாக வேண்டும்.

2021 செப்டம்பர் 4. ஷார்லட் நகரம். முதல் ஆட்டமே ஜார்ஜியாவுடன். நாட்டில் 3-வது இடத்தில் இருந்த கிளெம்சன், 10-3 என்று தோற்றது. இரு அணிகளின் தாக்குதல் வரிசையும் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. ஒரே டச்டவுன், கிளெம்சன் எறிந்த பந்தை ஜார்ஜியா தடுப்பாட்டக்காரர் வழிமறித்துக்கொண்டு ஓடியது. அந்த ஜார்ஜியாதான் பிற்பாடு சாம்பியன் ஆனது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

அந்த சீசனில் புது க்வார்ட்டர்பேக் டி.ஜே. உயாங்கலலே எறிந்ததில் 9 பந்து டச்டவுன் ஆனது, 10 பந்து எதிரணி கைக்குப் போனது. பையனுக்கு இரண்டாம் வருஷம்தான். அவரைத் திட்டி லாபமில்லை. தொடர்ந்து ஆறு வருஷம் தங்கள் மண்டலக் கோப்பையை வாங்கிய கிளெம்சனுக்கு அந்த வருஷம் அதுவும் இல்லை. நவம்பரில் ராஸின் பாதத்தில் எலும்புப் பிரச்னை. அறுவை சிகிச்சை. சீசன் அதோடு சரி.

ஏமாற்றம் என்று எழுதினார்கள். நம்பிக்கை பொய்த்தது என்று பேசினார்கள். நானும் உச்சுக்கொட்டினேன். அப்புறம் ஒருநாள், பழைய கணக்கெழுதும் புத்தியில், இரண்டு வருஷத்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

2018: 46 பந்து. 2021: 46 பந்து.

நம்புங்கள். அதே 46. 2018-ல் அணி ஆடியது 15 ஆட்டம். 2021-ல் ராஸ் ஆடியது 10. ஆட்டத்துக்கு எத்தனை பந்து என்று பார்த்தால் 2021-ல் அதிகம். கெஜம்தான் பாதி: 1,000 எங்கே, 514 எங்கே. டச்டவுன் 9 எங்கே, 3 எங்கே.

இப்போது சொல்லுங்கள். அவர் திரும்பி வந்தாரா, வரவில்லையா?

பந்து எண்ணிக்கையைக் கேட்டால் முழுசாக வந்தார் என்கிறது. கெஜத்தைக் கேட்டால் பாதி வந்தார் என்கிறது. கழுத்தைக் கேட்டால்? அது மூன்றாவது பதில் சொல்லும். ஒட்டிய எலும்புகளோடு, அறுவை சிகிச்சைத் தழும்போடு, 46 தடவை கழுத்தைத் திருப்பி மேலே பார்த்து, 46 தடவை பந்தைப் பிடித்து, இடி வாங்கி, எழுந்து நின்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றார் என்பதைத்தான் தலைப்புச் செய்தியாகப் போட்டிருக்க வேண்டும். கெஜக்கணக்கை உள்பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

நாம் கெஜத்தைத்தான் பார்த்தோம். ஏன்?

தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. நம்பிக்கை, எதிர்பார்ப்பு. ஒருவர் மேல் வைப்பது நம்பிக்கை. ஒருவரிடமிருந்து எதிர்பார்ப்பது எதிர்பார்ப்பு. பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். கணக்குப் புத்தகத்தில் இவை வேறு வேறு பக்கம். ராஸ் மேல் நம்பிக்கை வைத்திருந்தால், அவர் ஆடவே வராமல் போயிருந்தாலும் கழுத்து பிழைத்ததே என்று சந்தோஷப்பட்டிருப்போம். எதிர்பார்ப்பு அப்படி இல்லை. அது பாக்கி வசூல். 1,000 கெஜம் தர வேண்டியவர் 514-தான் தந்தார், மீதி எங்கே என்று கேட்கும்.

கேட்கலாம், பாக்கி இருந்தால்! இருந்ததா?

வாருங்கள், அந்தப் புத்தகத்தையும் திறந்துவிடுவோம். ராஸ் அந்த இறுதி ஆட்டத்தை ஆடியது 2019 ஜனவரியில். அதே வருஷம் ஏப்ரலில் பயிற்சியாளர் ஸ்வினிக்குப் பல்கலைக்கழகம் புது ஒப்பந்தம் போட்டது. 10 வருஷம், 93 மில்லியன் டாலர். ஸ்வினி திறமைசாலி, உழைத்தார், வாங்கினார், தப்பே இல்லை. பந்து பிடித்த பையனுக்கு அன்றைய சட்டப்படி என்ன? படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, சொச்சம் கைச்செலவு. தன் பெயரை விற்று ஒரு விளம்பரத்தில் நடிக்கக்கூட அனுமதி கிடையாது.

சரி, தொழில்முறை அணிக்குப் போய்ச் சம்பாதிக்கலாமே? முடியாது. பள்ளி முடித்து மூன்று சீசன் கழிந்தால்தான் அந்தக் கதவு திறக்கும் என்பது விதி. ராஸின் சந்தை மதிப்பு உச்சத்தில் இருந்தது 19 வயசில். அவருக்குக் கதவு திறந்தது 2021-ல். நடுவில் கழுத்து குறுக்கே வந்துவிட்டது. விலை உச்சத்தில் இருக்கும்போது விற்கக் கூடாது, இறங்கிய பிறகு விற்றுக்கொள் என்று எந்த வியாபாரியிடமாவது சொல்லிப் பாருங்கள். அண்ணாச்சி தராசுப் படிக்கல்லைத் தூக்கி எறிவார்.

பேர், படம் இவற்றை வைத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்று விதி தளர்ந்தது 2021 ஜூலை 1-ல். ராஸின் முதல் சீசனுக்கு மூன்று வருஷம் தாமதமாக. கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்று நீதிமன்றம் ஒப்புதல் தந்தது 2025 ஜூனில். அப்போது ராஸ் கல்லூரியை விட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆகவே, கணக்குப்படி பார்த்தால் ராஸ் யாருக்கும் பாக்கிதாரர் இல்லை. 2019 ஜனவரியிலேயே வட்டியோடு கட்டிவிட்டார். அவருக்குத்தான் வர வேண்டியது இருந்தது. நாம் அவர் பெயரை எழுதிய பக்கம் தப்பு.

இதையெல்லாம் ராஸ் ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அப்படி இல்லை என்பதற்கு இன்னொரு ரிசீவர் சாட்சி.

டைரோன் ப்ரோத்ரோ. அலபாமா பல்கலைக்கழகம். 2005 செப்டம்பர் 10 அன்று, சதர்ன் மிசிசிப்பி அணிக்கு எதிராக, தன்னோடு ஓடிவந்த எதிராளியைக் கட்டிப்பிடித்த மாதிரி கைகளைச் சுற்றிப் போட்டு, அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் பந்தைப் பிடித்தார். இருவரும் உருண்டார்கள். பந்து மட்டும் கைவிட்டுப் போகவில்லை. அந்த ஊரில் 'அந்தப் பிடி' என்று சொன்னால் போதும், விலாசம் வேண்டாம். அடுத்த வருஷம் சிறந்த விளையாட்டுக் காட்சிக்கான தேசிய விருதும் கிடைத்தது.

சரியாக 21 நாள் கழித்து, அக்டோபர் 1. ஃப்ளோரிடாவுடன் ஆட்டம். அலபாமா பிரமாதமாக முன்னணியில் இருந்தது, வெற்றி ஏறக்குறைய முடிவான நேரம். பந்தைப் பிடிக்கத் தாவிய ப்ரோத்ரோவின் கால் முறிந்தது. ஆட்டம் 31-3 வெற்றி. ப்ரோத்ரோ அதன் பிறகு ஆடவே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சைகள். ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் வருவாரா வருவாரா என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பிறகு அந்தக் காத்திருப்பும் நின்றுபோனது.

கல்லூரி ஆட்டக்காரர்களின் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிப்பவர்கள் அவர்களுக்குப் பங்கு தராதது சரியா என்று ஒரு வழக்கு நடந்தது. ஓபேனன் வழக்கு என்பார்கள். 2014-ல் தீர்ப்பு, ஆட்டக்காரர்கள் பக்கம். அந்த வழக்குத் தொடுத்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர், டைரோன் ப்ரோத்ரோ. ரசிகர்கள் மனசில் அந்தப் பிடி பத்திரமாக இருந்தது. பிடித்தவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

வில்லியம்ஸ், ராஸ், ப்ரோத்ரோ. ஒருவர் முழுசாகத் திரும்பினார், ஒருவர் பாதி, ஒருவர் இல்லவே இல்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாக ஒரு பெயரைச் சுற்றி நம்பிக்கை கிளம்பும்போது, ரசிகர்கள் உதாரணத்துக்கு இழுப்பது வில்லியம்ஸை மட்டுமே. ஜெயித்த கேஸை மட்டும் சொல்லும் வக்கீல் மாதிரி. ப்ரோத்ரோவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான நம்பிக்கை.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். யாராவது ராஸைக் கழுத்தைப் பிடித்து மைதானத்துக்குள் தள்ளினார்களா? இல்லை. அவர்தான் ஆட விரும்பினார். டாக்டர்கள் அனுமதித்தார்கள். ரசிகன் கைதட்டினால் குற்றமா?

குற்றமே இல்லை. 19 வயசில் தொட்ட உயரத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்க ஆசைப்படுவது மனுஷ சுபாவம். அவருடைய ஆசைக்கு அவர் தன் கழுத்தையே விலையாக வைத்தார். நாம் நம்முடைய ஆசைக்கு எதை வைத்தோம்? ஒரு டிக்கெட்டை. பந்தயத்தில் இரண்டு பேர் வைக்கும் தொகை இவ்வளவு வித்தியாசப்படும்போது, தோற்ற பிறகு அதிகமாகப் புலம்பும் உரிமை யாருக்கு? சின்னத் தொகை வைத்தவர் கொஞ்சம் அடக்கி வாசிப்பதுதான் மரியாதை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

2022 ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் தேர்வு நடந்தது. மூன்று நாள். 262 பெயர்கள். அதில் ஜஸ்டின் ராஸ் இல்லை. முதல் வருஷத்தில் அவரைப் பார்த்தவர்கள், முதல் சுற்றிலேயே போவார் என்று எழுதியிருந்தார்கள். தேர்வு முடிந்த பிறகு கேன்சஸ் சிட்டி அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மறுபடி பாதத்தில் அறுவை சிகிச்சை, 2022 முழுக்க ஆட்டம் இல்லை. 2023-ல் அணியில் இடம் பிடித்தார். சில ஆட்டங்கள், சில பந்துகள். அவ்வளவுதான். பெரிய க்ளைமாக்ஸ் எதுவும் இல்லை.

எனக்கு அந்தச் சில பந்துகளே போதும் என்று தோன்றுகிறது. முன்பு தோன்றியிருக்காது.

இரும்புக்கடை அண்ணாச்சி விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த ஒன்பது வருஷப் பெயர் கடைசிவரை வரவில்லை. நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்று, பேரேட்டை ஒப்படைக்கும்போது, அண்ணாச்சி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடுத்தது நானு. அதனால வரும்னு நெனைக்க எனக்கு உரிமை இருக்கு, தம்பி."

கிளெம்சன் கூட்டத்துக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவர் முதலில் கொடுத்திருந்தார்.

அடுத்த சீசனிலும் யாரோ ஒரு பையன் முழங்காலிலோ கழுத்திலோ தழும்போடு மைதானத்துக்குத் திரும்புவான். கைதட்டுங்கள், தாராளமாக. அவன் பெயரைப் பேரேட்டில் எழுதும்போது மட்டும், எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.